சுற்றத்தார் கூடும் அவை

பெற்றோரால் பேண இயலாத குழந்தையை யார் காப்பது? குற்றம் புரிந்த சிறுவனை யார் திருத்துவது? இவ்விரு வினாக்களுக்கும் இருபதாம் நூற்றாண்டின் அரசாங்கங்கள் பெரும்பாலும் ஒரே விடையையே அளித்து வந்தன. நீதிபதியும், நன்னடத்தை அதிகாரியும், குழந்தை நல அதிகாரியும் கலந்து முடிவு செய்வர். குடும்பத்தார் அம்முடிவைக் கைகட்டி நின்று கேட்டுக்கொள்வர். 1989-ஆம் ஆண்டில் நியூஸிலாந்து நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஒன்று இந்த முறையைத் தலைகீழாக மாற்றியது. குழந்தையைப் பற்றித் தாம் அறிந்த செய்திகளையெல்லாம் சுற்றத்தார் முன் எடுத்துரைத்த பின்னர், அதிகாரிகள் எழுந்து அறையை விட்டு வெளியே சென்றுவிட வேண்டும். உள்ளே பாட்டனும் பாட்டியும், அத்தையும் மாமனும், சிற்றப்பனும் பெரியம்மையும் தமக்குள் பேசி ஒரு திட்டம் வகுக்க வேண்டும்.

இவ்வேற்பாட்டிற்கு ஆங்கிலத்தில் இட்ட பெயரைத் தமிழாக்கினால் 'குடும்பக் குழுக் கூட்டம்' என்று வரும். சாதாரணமான பெயர்தான். ஆனால், அப்பெயருக்குப் பின்னே ஒரு மக்களினத்தின் நெடுங்கால வேதனை மறைந்து நிற்கிறது. நாம் கூறப்புகும் வரலாறு அதுவே.

சிறுவர்க்கெனத் தனி நீதிமன்றம் வேண்டும் என்ற கருத்து 1899-இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் செயல்வடிவம் பெற்றது. பின்னர் அது கடல் கடந்து பரவிற்று. நம் நாட்டில் சென்னை மாகாணம் 1920-இலும், வங்காளம் 1922-இலும், பம்பாய் 1924-இலும் குழந்தைகள் சட்டங்களை இயற்றின. நியூஸிலாந்தின் குழந்தை நலச் சட்டம் 1925-இல் வந்தது. இச்சட்டங்களை இயற்றியோர் நல்லெண்ணம் உடையோரே. மீசை முளைக்காத பையனை முதிர்ந்த குற்றவாளிகளோடு ஒரே கொட்டடியில் அடைப்பது கொடுமை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். எனினும், தாய் தந்தையர் தவறினால் அரசே தாய் தந்தை என்பது அவர்கள் உள்ளத்தில் வேரூன்றிய கொள்கை. பெற்றோருக்கும் அரசுக்கும் இடையே வேறு யாரேனும் இருக்கக்கூடும் என்பதை அச்சட்டங்கள் அதிகம் பொருட்படுத்தவில்லை.

நியூஸிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் வாழ்வோ அந்த இடைவெளியிலேயே அமைந்திருந்தது. மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு அவர்கள் மொழியின் சில சொற்கள் வியப்பூட்டுகின்றன. நெருங்கிய சுற்றத்தை அவர்கள் 'ஃபானௌ' என்பர். அச்சொல்லுக்குப் பிறத்தல் என்றும் பொருள் உண்டு. ஃபானௌ பல சேர்ந்த பிரிவு 'ஹபூ'. கருவுற்றிருத்தல் என்பது அதன் மற்றொரு பொருள். ஹபூ பல கூடிய குலம் 'இவி'. எலும்பிற்கும் அதே பெயர்தான். மரத்தின் கொம்பையும் உறவினரையும் 'கிளை' என்னும் ஒரே சொல்லால் சுட்டும் நமக்கு இது விளங்காததன்று. ஆயினும், அலுவலகப் படிவங்களில் 'குடும்ப உறுப்பினர் எத்தனை பேர்?' என்று நாம் மொழிபெயர்த்து வைக்கும்போது, அந்தக் கட்டத்திற்குள் கிளையும் சுற்றமும் அடங்குவதில்லை. கணவன், மனைவி, மக்கள் என்ற அளவோடு கட்டம் முடிந்துவிடுகிறது. நியூஸிலாந்து நல இலாகாவின் படிவங்களிலும் அவ்வாறே முடிந்தது.

இன்னொரு சொல் 'ஃபாங்காய்'. ஊட்டுதல் என்பது அதன் நேர்ப்பொருள். பாட்டியோ அத்தையோ ஒரு குழந்தையை வாங்கித் தம் மகவாக வளர்க்கும் வழக்கத்திற்கும் அதுவே பெயர். இம்முறையில் ஒளிவு மறைவு கிடையாது. தன்னை ஈன்றவர் யார் என்பதைக் குழந்தை அறிந்தே வளரும். இரு வீடுகளும் அதற்கு உரியவை. ஆனால், 1955-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டம் இத்தகைய மரபுவழி வளர்ப்பிற்குச் சட்ட மதிப்பு இல்லை என்று கூறிவிட்டது. அச்சட்டம் விரும்பியது, பிறந்த வீட்டின் தொடர்பை முற்றிலும் மூடி முத்திரையிடும் தத்து முறையை. ஊட்டி வளர்த்தவள் சட்டத்தின் முன் அயலாள் ஆனாள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மாவோரி மக்கள் வேலை தேடி நகரங்களுக்குப் பெருந்திரளாகக் குடிபெயர்ந்தனர். 1945-இல் அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே நகரவாசிகள். 1986-இலோ ஐந்தில் நான்கு பங்கினர். நகரில் அவர்களுக்கு வீடு ஒதுக்கிய அரசாங்கம், மிளகைத் தூவினாற்போல் வெள்ளையர் குடியிருப்புகளுக்கிடையே ஒவ்வொரு வீடாகப் பிரித்து வைக்கும் கொள்கையைக் கைக்கொண்டது. 1961-இல் வெளியான ஹன் அறிக்கை இரு இனங்களையும் ஒன்றிணைத்தலே குறிக்கோள் என்றது. அவ்வறிக்கையை எழுதியவர்களுக்குத் தீய நோக்கம் இருந்ததாக நாம் கருதவில்லை. ஆனால், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அடுத்த வீட்டில் அத்தை இல்லாமற்போனாள். ஊர்விட்டு ஊர் வந்து, தெரு முழுவதும் தேடினாலும் தம் மொழி பேசும் வீடு ஒன்று கிடைக்காத நிலையை அறிந்த நம்மவர்க்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வாறு தனித்துவிடப்பட்ட வீடுகளுக்கு நல அதிகாரிகள் வந்தனர். போலீஸாரும் வந்தனர். மாவோரிச் சிறுவர் சிறுமியர் தம் தொகைக்கு மிஞ்சிய அளவில் அரசாங்க விடுதிகளை அடைந்தனர். அவ்விடுதிகளில் தனியறையில் பூட்டி வைத்தல் முதலிய தண்டனைகள் நடப்பதாக 1970-களில் ஆக்லாந்து நகரத்துச் சமூக ஊழியர்கள் குரல் எழுப்பினர்; மனித உரிமை ஆணைக்குழு விசாரணை நடத்தி 1982-இல் அறிக்கை வெளியிட்டது. லேக் ஆலிஸ் என்னும் மனநோய் மருத்துவமனையின் சிறுவர் பிரிவில், நோயற்ற பிள்ளைகளுக்கும் தண்டனையாக மின்சார அதிர்ச்சி தரப்பட்டது. அது சித்திரவதையே என்று நியூஸிலாந்து அரசாங்கம் ஒப்புக்கொண்டது 2024-ஆம் ஆண்டில்தான்.

1983-இல் 'மாத்துவா ஃபாங்காய்' என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. விடுதிகளிலிருந்த மாவோரிப் பிள்ளைகளை அவர்தம் சுற்றத்தாரிடம் சேர்ப்பது அதன் நோக்கம். அது சிறு முயற்சி. பெரிய திருப்பம் 1985-இல் நேர்ந்தது. அப்போது சமூக நல அமைச்சராயிருந்த ஆன் ஹெர்கஸ் அம்மையார், தம் இலாகா மாவோரி மக்களுக்கு எவ்வாறு பணியாற்ற வேண்டும் என்று ஆராய ஓர் ஆலோசனைக் குழுவை நியமித்தார். தூஹோய் குலத்துப் பெரியவரான ஜான் ரங்கிஹௌ அதன் தலைவர். அவர் உலகப் போரில் மாவோரிப் படைப்பிரிவில் சேவை செய்தவர். பின்னர் மாவோரி விவகார இலாகாவில் நல அதிகாரியாகப் பணிபுரிந்தவர். ஆகையால், அரசாங்கக் கோப்பும் அவருக்குத் தெரியும். குலத்தின் அவையும் தெரியும்.

இக்குழு தலைநகரில் அமர்ந்து மனுக்களை வரவழைத்துக்கொண்டிருக்கவில்லை. 'மராயே' எனப்படும் குலப் பொதுமன்றங்களுக்கு நேரே சென்றது. அங்கே தாய்மார் பேசினர். விடுதிகளில் வளர்ந்தவர்கள் பேசினர். நல இலாகாவின் மாவோரி ஊழியர்களே தம் இலாகாவைப் பற்றிப் பேசினர். 1986-இல் குழு அளித்த அறிக்கைக்குப் 'புவாவோ தே ஆத்தா தூ' என்று பெயர். விடியற்பொழுது என்பது அதன் கருத்து. இலாகாவின் சட்டங்களும் நடைமுறைகளும் ஓர் இனத்தின் வழக்கங்களை மட்டுமே அளவுகோலாகக் கொண்டிருப்பதால், அதிகாரி நல்லவராயிருந்தாலும் அநீதி விளைகிறது என்று அவ்வறிக்கை ஒளிவின்றி உரைத்தது. மாவோரிக் குழந்தையைப் பற்றிய எந்த முடிவிலும் ஃபானௌ, ஹபூ, இவி ஆகியவற்றைக் கலந்தே தீர வேண்டும் என்றும், அதற்கேற்ப 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்றும் கோரியது. பொறுப்பைத் தருவதோடு பொருளையும் தர வேண்டும் என்பதை அது மறக்கவில்லை. இலாகாக்கள் பின்னாளில் மறந்தது இதைத்தான்.

அறிக்கைக்குப் பின் உடனே நல்ல சட்டம் வந்துவிட்டதென்று எண்ண வேண்டா. 1986-ஆம் ஆண்டின் முடிவில் வந்த மசோதா, மருத்துவர் முதலிய வல்லுநர் அடங்கிய பாதுகாப்புக் குழுக்களிடமே முடிவை ஒப்படைத்தது. அறிக்கையை வாசித்தவர்களுக்கு அது பழைய கள்ளையே புதிய மொந்தையில் ஊற்றியதுபோல் தோன்றிற்று. எதிர்ப்பு மூண்டது. மசோதா திரும்பத் திரும்பத் திருத்தப்பட்டது. மைக்கேல் கல்லன் சமூக நல அமைச்சராயிருந்த காலத்தில், 'குழந்தைகள், இளையோர், அவர்தம் குடும்பங்கள் சட்டம்' 1989-இல் நிறைவேறி, அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஜான் ரங்கிஹௌ அதனைக் காணவில்லை. அவர் 1987-இல் மறைந்தார். சட்டமோ மாவோரி மக்களோடு நின்றுவிடவில்லை. நாட்டின் எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவாயிற்று.

கூட்டம் நடைபெறும் விதத்தைச் சற்று விரிவாகக் கூறுவோம். சட்டத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

ஒரு குழந்தைக்குப் பாதுகாப்பு இல்லை என்று விசாரணையில் தெரிந்தால், ஒருங்கிணைப்பாளர் என்னும் அதிகாரியிடம் செய்தி செல்லும். கூட்டத்தைக் கூட்டுவது அவர் கடமை. தீர்ப்புச் சொல்வது அவர் வேலையன்று. முதலில் அவர் உறவினரைத் தேடுவார். தாய் வழியில் யார், தந்தை வழியில் யார், தொலைவில் வேறு நகரில் இருப்போர் யார் என்று விசாரித்து அழைப்பு அனுப்புவார். கூட்டம் எங்கே, எந்த நாளில், யார் யாரை வைத்து என்பதைக் குடும்பத்தாரோடு கலந்தே முடிவு செய்வார். பாட்டி வீட்டிலும் கூடலாம், மராயேயிலும் கூடலாம். மாவோரிக் குடும்பமாயின் பெரியவர் ஒருவரின் வழிபாட்டுடன் தொடங்குவதும், பின்னர் கூடி உண்பதும் வழக்கம்.

முதற்கட்டத்தில் வெளியார் பேசுவர். குழந்தையின் உடலில் கண்ட காயங்களை மருத்துவர் கூறலாம். பள்ளிக்கு எத்தனை நாள் வரவில்லை என்பதை ஆசிரியர் கூறலாம். நல அதிகாரி தம் விசாரணையின் முடிவைக் கூறுவார். உறவினர் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். இதுகாறும் மறைக்கப்பட்ட செய்தி முதன்முறையாகப் பாட்டனார் செவியில் விழுவதும் உண்டு.

அடுத்த கட்டத்தில் அவர்கள் எல்லோரும் வெளியேறுவர். குடும்பத்தார் தாமாக அழைத்தாலன்றி, ஒருங்கிணைப்பாளருக்கும் அங்கே இடமில்லை. கதவு சாத்தப்படுகிறது. உள்ளே அழுகையும் கேட்கும். பழைய பகையும் கிளம்பும். எவ்வளவு நேரம் என்ற கணக்கில்லை. அதிகாரியின் எதிரில் அண்ணன் தம்பியைக் காட்டிக்கொடுக்க மாட்டான், தனித்திருக்கையில் "நீ குடித்துவிட்டுப் பிள்ளையை அடித்தது எனக்குத் தெரியாதா?" என்று கேட்பான். குடும்ப வழக்கு எதையேனும் அருகிலிருந்து பார்த்தவர் இதை மறுக்கமாட்டார்.

மூன்றாம் கட்டத்தில் குடும்பத்தார் தம் திட்டத்தைத் தெரிவிப்பர். குழந்தை யார் வீட்டில் இருக்கும், தாய் எந்த நாளில் வந்து பார்ப்பாள், செலவுக்கு யார் பொறுப்பு, இலாகா என்ன உதவி தர வேண்டும் என்பவை அதில் அடங்கும். குழந்தையின் பாதுகாப்பிற்குக் குறைவில்லையென்று கண்டால் ஒருங்கிணைப்பாளரும் நல அதிகாரியும் இசைவர். அவ்வாறு இசைந்த திட்டத்தை, நடைமுறைக்கு ஒவ்வாததாகவோ சட்டத்தின் கொள்கைக்கு முரணாகவோ இருந்தாலன்றி, இலாகா நிறைவேற்றியாக வேண்டும். இசைவு கிட்டாவிடில் வழக்கு குடும்ப நீதிமன்றத்திற்குப் போகும்.

குற்றம் புரிந்த சிறுவர் வழக்கிலும் இதே அவை உண்டு. அங்கே வேறு சிலரும் அமர்வர். அச்சட்டம் இளையோர் நீதிமன்றம் ஒன்றை நிறுவியது. மாவோரி மரபினரான மைக்கேல் பிரவுன் அதன் முதல் தலைமை நீதிபதி. தொடக்கத்தில் 14 முதல் 16 வயது வரையுள்ளோர் வழக்குகளே அங்கு வந்தன; 2019 ஜூலை முதல் 17 வயதினரும் சேர்க்கப்பட்டனர். கொலை போன்ற கொடுங்குற்றங்கள் உயர் நீதிமன்றத்துக்கு உரியவை. சிறு குற்றங்களைப் போலீஸாரே எச்சரிக்கையோடு முடித்துவிடுவர். இடைப்பட்ட குற்றம் ஒன்று மெய்ப்பிக்கப்பட்டால், சுற்றத்தார் அவை கூடாமல் நீதிபதி தண்டனை விதிக்க இயலாது.

அந்த அவையில் போலீஸ் அதிகாரி நடந்ததை வாசிப்பார். சிறுவன் மறுத்தால் அவை அக்குற்றத்தை விசாரிக்கப் புகாது. அது நீதிமன்றத்தின் வேலை. ஒப்புக்கொண்டால், பொருளை இழந்தவரோ அடிபட்டவரோ பேசுவார். கடையை உடைத்தவன், அக்கடைக்காரர் அன்றிரவு முதல் உறங்கவில்லை என்பதை அவர் வாயாலேயே கேட்கிறான். பக்கத்தில் அவன் பாட்டியும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பின்னர் குடும்பத்தார் தனியே கலந்து பேசி, மன்னிப்பு, நஷ்டஈடு, ஊர்ப்பணி, மீண்டும் பள்ளிக்குச் செல்லுதல் என்று ஏதேனும் ஒரு வழி கூறுவர். எல்லோரும் ஏற்று, அவனும் சொன்னபடி செய்து முடித்தால், குற்றச்சாட்டே சுமத்தப்படாததுபோல் நீதிபதி அவனை விடுவிக்கலாம். தொடக்கத்தில், குற்றத்துக்கு இலக்கானவர் தமக்குத் துணையாக ஒருவரை அழைத்துவரச் சட்டம் இடம் தரவில்லை. ஒருபக்கம் ஒரு சுற்றமே திரண்டிருக்க, மறுபக்கம் அவர் தனியே அமர வேண்டியிருந்தது. 1994-இல் அக்குறை திருத்தப்பட்டது.

பயன் விளைந்ததா? நீதிமன்றத்திற்கு வரும் சிறுவர் தொகை விரைவில் பெரிதும் குறைந்தது. விடுதிகள் பல மூடப்பட்டன. கேப்ரியல் மாக்ஸ்வெல், அலிசன் மோரிஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் 1993-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, பெரும்பாலான கூட்டங்களில் உடன்பாடு ஏற்பட்டதைக் காட்டியது. அதே ஆராய்ச்சி வேறொன்றையும் காட்டியது: முடிவில் தமக்கும் பங்கு இருந்ததாக உணர்ந்த சிறுவர் மூன்றில் ஒரு பங்கினர் அளவே. பெரியவர்கள் கூடினால் பிள்ளையின் குரல் அமுங்கிவிடும் என்பது எந்த நாட்டிற்கும் பொருந்தும்போலும்.

பணமுடையும் வந்தது. 1991-ஆம் ஆண்டில் அரசாங்கம் நல உதவித் தொகைகளைக் கடுமையாகக் குறைத்தது. ஏழைப் பாட்டியிடம் மூன்று பேரப்பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு, அவளுக்கு வேண்டிய உதவியை அளந்து அளந்து கொடுப்பதைச் சுற்றத்தாரின் உரிமை என்று எவ்வாறு கூறுவது? செலவைத் தவிர்க்கும் தந்திரம் என்றே பலர் கூறினர். அக்குற்றச்சாட்டில் நியாயம் உண்டு.

இதற்குள் இம்முறை கடல் கடந்துவிட்டது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மாகாணத்தில் ஜோன் பென்னல், கேல் பர்ஃபோர்டு என்னும் இருவர் 1993-ஐ அடுத்த ஆண்டுகளில் மூன்று இடங்களில் இதனைச் சோதித்தனர். அவற்றுள் ஒன்று இன்யூயிட் மக்கள் வாழும் நெயின் என்னும் கடலோரச் சிற்றூர். பிரிட்டனும் நெதர்லாந்தும் நார்வேயும் பின்தொடர்ந்தன. ஆஸ்திரேலியாவின் வாகா வாகா நகரில் 1991-இல் போலீஸாரே இத்தகைய கூட்டங்களை நடத்தத் தொடங்கினர். அங்கே குடும்பத்தார் தனித்துப் பேசும் கட்டம் இல்லை. அதிகாரி கடைசி வரை அமர்ந்திருந்தார். பெயர் பயணம் செய்வது எளிது. எழுந்து வெளியே போகும் பழக்கம் அவ்வளவு எளிதில் பயணம் செய்வதில்லை.

நம் நாட்டின் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையைப் பேணும் முதற்பொறுப்பு குடும்பத்தினுடையது என்றும், விடுதி கடைசி வழி என்றும் கொள்கை வகுத்திருக்கிறது. தலைவரும் நான்கு உறுப்பினரும் கொண்ட குழந்தை நலக் குழு முடிவு செய்கிறது. குழந்தையின் சொந்த ஊர் வேறு மாவட்டத்திலோ மாநிலத்திலோ இருப்பின், அவ்விடத்துக் குழுவிடம் அனுப்பவும் சட்டத்தில் வழி உண்டு. தில்லியிலோ சூரத்திலோ தனித்து நிற்கும் தமிழ்ப் பிள்ளைக்குத் திருநெல்வேலியில் இருக்கும் பாட்டியைக் கண்டுபிடித்துத் தருவது இவ்வழியால் இயலக்கூடும். ஆனால், அந்தப் பாட்டியும் மாமனும் கதவைச் சாத்திக்கொண்டு தாமே முடிவெடுக்கும் அந்த நாழிகையை நம் சட்டம் விதிக்கவில்லை.

நியூஸிலாந்திலேயே அந்த நாழிகைக்குச் சோதனை வந்தது. 2017-இல் 'ஒராங்கா தமரிக்கி' என்னும் புதிய இலாகா அமைந்தது. சட்டமும் அப்பெயரையே ஏற்றது. 2019 மே மாதம் ஹேஸ்டிங்ஸ் நகர மருத்துவமனையில், பிறந்து சில நாட்களே ஆன மாவோரிச் சிசுவைத் தாயிடமிருந்து எடுத்துச்செல்ல அதிகாரிகள் முயன்றனர். உறவினரும் பேறுகாலத் தாதியரும் தடுத்து நின்ற காட்சி படமாகி நாடெங்கும் பரவியது. முன்னறிவிப்பின்றிப் பெற்ற நீதிமன்ற ஆணை அவர்கள் கையில் இருந்தது. முப்பது ஆண்டுகளாகச் சட்டப் புத்தகத்தில் இருந்த கொள்கை, அந்த மருத்துவமனை வாயிலை எட்டவில்லை. பல விசாரணைகள் நடந்தன. வைட்டாங்கி தீர்ப்பாயம் 2021-இல் தன் அறிக்கையை அளித்தது. மாவோரிக் குழந்தைகளுக்கும் ஏனையோருக்கும் இடையேயுள்ள ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கடமையை இலாகாத் தலைவர் மீது சுமத்திய சட்டப்பிரிவு ஒன்று 2019 ஜூலையில் நடைமுறைக்கு வந்திருந்தது. 2025-இல் நாடாளுமன்றம் அதனை நீக்கிவிட்டது.

நீக்கத்திற்கு முந்திய ஆண்டில்தான், விடுதிக் கொடுமைகளை ஆராய்ந்த அரச ஆணைக்குழுவின் இறுதி அறிக்கை வெளியாகியிருந்தது. 1950 முதல் 2019 வரை அரசாங்கத்தின் பராமரிப்பிலும் சமய நிறுவனங்களின் பராமரிப்பிலும் இருந்தோர் ஏறத்தாழ 6,55,000 பேர். அவர்களில் சுமார் 2,00,000 பேர் கொடுமைக்கு ஆளாகியிருப்பர் என்பது அவ்வறிக்கையின் மதிப்பீடு. 2024 நவம்பர் 12-ஆம் நாள் பிரதமர் கிறிஸ்டோபர் லக்ஸன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். விடுதிகளில் வளர்ந்து முதுமை எய்தியவர் பலர் பார்வையாளர் மாடத்தில் அமர்ந்து கேட்டனர். 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தில், குடும்பத்தார் கலந்து பேசுகையில் வெளியார் உடனிருக்க உரிமையில்லை என்னும் விதி இன்றும் இருக்கிறது.